சேமலாப நிதியும் "கை வைக்காதே" கோஷமும்: ஒரு தொழிற்சங்கவாதியின் கணக்கு

மலையகத்தில் வேலை செய்யும் ஒரு தொழிற்சங்கச் செயற்பாட்டாளரை எனக்குச் சில வருடங்களாகத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதனால் இங்கே "தோழர்" என்றே எழுதுகிறேன். சம்பளம், வயதுபோன காலத்துக் காசு, அரசாங்கத்தின் கடன் ஆகிய மூன்றும் வேறு வேறு விசயங்கள் இல்லை, ஒரே கணக்கின் மூன்று பக்கங்கள் என்பது அவருடைய வாதம். கூட்டத்துக்குக் கூட்டம் இதைத்தான் சொல்லிவருகிறார். "துண்டுல இருக்கிற மொத வரிய பாருங்க, கடைசி காலத்து கஞ்சி அங்கதான் இருக்கு" என்பார். துண்டு என்றால் சம்பளத் துண்டு. முதல் வரி என்றால் அடிப்படைச் சம்பளம்.

இந்த வாதத்தின் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். அதிலிருந்து அவர் வந்துசேரும் முடிவு மட்டும் போதாது என்று நினைக்கிறேன்.

அடிப்படைச் சம்பளம் ஏன் அவ்வளவு முக்கியம்

இலங்கையில் அரச ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையில் வேலை செய்பவருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இருப்பது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தொழில்தருநரின் பங்கு 12 சதவீதம், ஆக 20. இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் 3 சதவீதம் கட்ட வேண்டும். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். மாதாமாதம் வருவதில்லை. ஒரே தடவையில் கைக்கு வரும். தோட்டத்துப் பக்கம் அது மகளின் கல்யாணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் பழைய கடனுக்கும் போய், மிச்சம் இருந்தால் வயதுக்கு.

இப்போது சம்பளத்தைப் பாருங்கள். 2013 கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு நாள் சம்பளம் 620 ரூபா என்று பேசப்பட்டது. அதில் அடிப்படை 450 மட்டும். வரவுக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. 2016இல் 730 ரூபா என்று செய்தி வந்தது. அதிலும் அடிப்படை 500. மிச்சமெல்லாம் வரவு, உற்பத்தித்திறன், விலைப் பங்கு என்று துண்டு துண்டாகச் சேர்த்தது. சேமலாப நிதி கழிக்கப்படுவதோ அடிப்படையிலிருந்து.

தோழர் கூட்டங்களில் போடும் கணக்கு இது. 500க்கு 20 சதவீதம் என்றால் 100 ரூபா. 730 முழுவதும் அடிப்படையாக இருந்திருந்தால் 146. ஒரு நாளைக்கு 46 ரூபா வித்தியாசம். மாதம் 25 நாள் பேர் விழுந்தால் 1,150 ரூபா. வருடத்துக்கு 13,800. இதில் 12க்கு 8 என்ற கணக்கில், மாதம் 690 ரூபா கம்பனி போட்டிருக்க வேண்டிய பங்கு. ஒரு ஆளுக்கு இவ்வளவு என்றால் ஒரு தோட்டத்துக்கு எவ்வளவு, முழு மலையகத்துக்கு எவ்வளவு என்று அவர் கேட்கும்போது கூட்டம் அமைதியாகிவிடும்.

ஆயிரம் ரூபா இயக்கத்தில் "அடிப்படைச் சம்பளம்" என்ற சொல்லைச் சிலர் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. 2019இல் அடிப்படை 700 ஆனது. 2021இல் சம்பள நிர்ணய சபை ஊடாக 900உம் 100 ரூபா வரவுசெலவுத்திட்ட நிவாரணப்படியும் சேர்ந்து ஆயிரம் வந்தது. 2024இல் அடிப்படை 1,350. எண்கள் ஏறியிருக்கின்றன, உண்மைதான். ஆனால் முந்திய வருடங்களில் விடுபட்டதை எவரும் திருப்பிப் போடப்போவதில்லை. அந்த வருடங்களில் கொழுந்து எடுத்தவர்கள் இப்போதுதான் ஐம்பதைத் தொடுகிறார்கள்.

கழித்த காசைக் கட்டாமலே விடுவது இன்னொரு கதை. அரசுக்குச் சொந்தமான ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் பல வருடங்கள் நிலுவையில் வைத்திருந்தது பாராளுமன்றம் வரை பேசப்பட்ட விசயம். சட்டத்தைப் போட்ட அரசே சட்டத்தை மீறிய இடம் அது.

2023 ஜூலை

தோழரின் வாதத்தில் மிக வலுவான பகுதி இது. சேமலாப நிதியின் பணத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரசாங்கப் பிணையங்களில் கிடக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், தொழிலாளர்கள் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள். 2022இல் அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாமல் கைவிரித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் வந்தது. அதன்பின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. ஐந்து நாள் வங்கி விடுமுறைக்கு நடுவில், ஜூலை 1ஆம் திகதி சனிக்கிழமை பாராளுமன்றத்தைக் கூட்டி 122க்கு 62 என்று நிறைவேற்றினார்கள்.

ஓய்வுகால நிதியங்கள் தங்களிடமிருந்த பழைய திறைசேரி முறிகளைக் கொடுத்துவிட்டுப் புதிய நீண்டகால முறிகளை வாங்க வேண்டும். அவற்றுக்கு 2025 வரை 12 சதவீதம், அதற்குப் பிறகு முதிர்வு வரை 9 சதவீதம் வட்டி. மாற்றமாட்டோம் என்றால் முறி வருமானத்துக்கு 14 சதவீத வரிக்குப் பதிலாக 30 சதவீத வரி. பெயருக்கு விருப்பத் தெரிவு. யாருடைய விருப்பம் என்றுதான் தெரியவில்லை.

வங்கிகளின் முறிகளைத் தொடவில்லை. தனியார் முதலீட்டாளர்களின் முறிகளைத் தொடவில்லை. 2022 பிற்பகுதியில் மூன்று மாதத் திறைசேரி உண்டியலுக்கே 30 சதவீதத்துக்கு மேல் வட்டி போனது. அந்த நேரத்தில் கையில் பணம் வைத்திருந்து அரசுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு முழு வட்டியும் கிடைத்தது. வருடக்கணக்காகக் கடன் கொடுத்து வந்தவர்களின் நிதியம் சுமையை ஏற்றது. "பணக்காரனுக்கு வரி போட முடியலன்னான். நம்ம நிதியத்துக்கு வரி போடுவேன்னு மட்டும் மெரட்ட தெரிஞ்சிச்சு" என்று தோழர் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றை அவர் சொல்வதில்லை, நான் சேர்க்கிறேன். 2024 டிசம்பரில் வெளிநாட்டு முறியாளர்களுடன் முடிந்த பரிமாற்றத்தில் அவர்களும் வெட்டை ஏற்றார்கள். ஆனால் நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் வகையிலான முறிகளும் அதில் இருந்தன. சேமலாப நிதிக்குக் கிடைத்தது நிலையான வட்டி. நாடு நிமிர்ந்தால் அதில் பங்கு கேட்கும் வாசகம் தொழிலாளரின் முறியில் இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் ஆள் இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் இது.

நான் எங்கே விலகுகிறேன்

தோழரின் முடிவு, நாடு முழுதும் சங்கங்கள் எழுப்பிய அதே கோஷம்தான்: எங்கள் சேமலாப நிதியில் கை வைக்காதே. போராட்டத்துக்கு அது நல்ல கோஷம். கணக்காக எடுத்தால் அதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, கை அதற்கு முன்பே வைத்தாகிவிட்டது. 2022க்கு நிதியம் அறிவித்த வட்டி 9 சதவீதம். அந்த வருட டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 57.2 சதவீதம். வருடத் தொடக்கத்தில் ஒருவர் கணக்கில் 10 இலட்சம் இருந்தது என்று வையுங்கள். வட்டியோடு 10 இலட்சத்து 90 ஆயிரம் ஆகியிருக்கும். அதே சாமானை வாங்க வருட முடிவில் தேவைப்பட்டது 15 இலட்சத்து 72 ஆயிரம். அதாவது கிட்டத்தட்ட 30 சதவீதம் ஒரே வருடத்தில் கரைந்துபோனது. எந்த முறியும் மாற்றப்படாமல், எந்த வாக்கெடுப்பும் நடக்காமல்! கணக்குக் கூற்றில் எண் ஏறியிருந்தது. அதனால் வீதியில் எவரும் இறங்கவில்லை. "கை வைக்காதே" என்பது எண்ணைக் காவல் காக்கும் கோஷம். பெறுமதியைக் காவல் காக்க வேறு கோஷம் வேண்டும். 2023க்கு 13 சதவீதம் கொடுத்தோம் என்று அரசு தரப்பு சொன்னபோது சங்கங்கள் தடுமாறியதும் இதனால்தான். 13ஐ எதோடு ஒப்பிட வேண்டும் என்ற அளவுகோல் அவர்கள் கையில் இல்லை.

இரண்டாவது, வங்கிகளைத் தொட்டிருக்க வேண்டும் என்ற வாதத்தைப் பாதியில் விட்டுவிடுகிறார். அரசின் பதிலை அதன் வலுவான வடிவத்தில் எடுத்துக்கொள்வோம். வங்கிகள் ஏற்கெனவே கூடுதல் வரி கட்டுகின்றன, அறவிட முடியாத கடன் பெருகியிருக்கிறது, ஒரு வங்கி ஆடினால் வைப்பில் காசு போட்ட சின்ன மனிதரும் ஆடிப்போவார். இது முழுப் பொய் இல்லை. தோட்டத்தில் இருப்பவருக்கும் வங்கிப் புத்தகம் இருக்கிறது. நானாக இருந்தால் சுமையை எப்படிப் பிரித்திருப்பேன் என்று சொல்ல வேண்டிய கடமை எதிர்ப்பவருக்கும் உண்டு. அதிக வட்டிக்கு வாங்கிய புதிய முறிகளின் இலாபத்தில் ஒரு பங்கு, பெரும் சொத்துக்கு வரி என்று தோழர் தனியாகப் பேசும்போது சொல்கிறார். மேடையில் சொல்வதில்லை. கைதட்டு கிடைக்காது என்பது அவர் காரணம்.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். இந்த நிதியத்தின் பணத்தை எங்கே போடுவது என்று தீர்மானிப்பவர் யார்? மத்திய வங்கி. அரசுக்குக் குறைந்த வட்டியில் கடன் திரட்டிக் கொடுக்கும் வேலையையும் நீண்டகாலமாக மத்திய வங்கியே செய்துவந்தது. கடன் வாங்குபவரின் முகவரும் கடன் கொடுப்பவரின் முகவரும் ஒரே கட்டடத்தில். 2015 பெப்ரவரி முறி ஏலத்தின் பிறகு, சேமலாப நிதி இரண்டாம் நிலைச் சந்தையில் கூடிய விலைக்கு முறிகளை வாங்கி நட்டப்பட்டதை ஜனாதிபதி ஆணைக்குழுவே எழுதிவைத்தது. அப்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, எங்கள் ஆள் அந்த மேசையில் ஏன் இல்லை என்பது. நாங்கள் கேட்டது யாரைச் சிறையில் போடுவீர்கள் என்று மட்டும்.

இந்தியாவில் வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் சபையில் தொழிலாளர் தரப்புக்கு 10 இடங்கள் இருக்கின்றன. அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அங்கே 1995 திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் 1,000 ரூபா என்று வைத்ததை உயர்த்தச் சொல்லி வயதானவர்கள் வருடக்கணக்காகப் போராடிவருகிறார்கள். கதிரை கிடைத்தால் கஞ்சி கிடைத்துவிடாது. ஆனாலும் அங்கே முடிவு எடுக்கும் இடத்தில் எதிர்த்துப் பேச ஆள் இருக்கிறது, கூட்டக் குறிப்பில் அந்த எதிர்ப்பு பதிவாகிறது. இங்கே முடிவு வந்தபிறகு ஹட்டனிலோ புறக்கோட்டையிலோ பதாகை பிடிக்கிறோம்.

2011ஐ நினைவில் வைத்து

வீதிப் போராட்டத்தை நான் சின்னதாக்கவில்லை. 2011இல் தனியார் துறைக்கான ஓய்வூதியச் சட்டமூலத்தை நிறுத்தியது கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிலாளர்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். சம்பளத்தில் இன்னொரு கழிவு, கையில் வருவது எப்போது என்று தெரியாது என்பது அவர்கள் கோபம். மே 30ஆம் திகதி பொலிஸ் சுட்டது. ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி ஜூன் 1ஆம் திகதி இறந்தார். சட்டமூலம் மீளப்பெறப்பட்டது.

ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு என்ன நடந்தது? சட்டமூலம் போனது, ஓய்வூதியம் என்ற பேச்சும் அதோடு போனது. தனியார் துறைத் தொழிலாளிக்கு மாதாமாதம் வரும் ஒரு காசு எப்படி இருக்க வேண்டும் என்று சங்கங்கள் தங்கள் தரப்பிலிருந்து ஒரு திட்டத்தைப் பெரிதாக முன்னெடுக்கவில்லை. வேண்டாம் என்பதை உயிர் கொடுத்துச் சொன்னோம். வேண்டியது எது என்று எழுதிக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து 2023 வந்தபோதும் கையில் இருந்தது "வேண்டாம்" மட்டும்தான்.

தோழருக்கு நான் சொன்னது மூன்று விசயம். அடிப்படைச் சம்பளத்துக்கான சண்டையை அப்படியே தொடருங்கள், அதில் உங்களை விஞ்ச ஆள் இல்லை. வருடாவருடம் வட்டி அறிவிப்பு வரும்போது, அந்த வருட விலைவாசி ஏற்றத்தைப் பக்கத்தில் போட்டு, ஒரு இலட்சத்துக்கு எவ்வளவு மிஞ்சியது என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு துண்டுப் பிரசுரம் போடுங்கள். மூன்றாவது, முதலீட்டு முடிவு எடுக்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிக்குச் சட்டப்படி இடம் கேளுங்கள்.

முதல் இரண்டுக்கும் தலையை ஆட்டினார். மூன்றாவதுக்குச் சிரித்துவிட்டு, "அந்த கதிரையில எந்த சங்கத்து ஆளு ஒக்காருறதுன்னு நாங்க சண்ட போட்டு முடிக்கிறதுக்குள்ள இன்னொரு கடன் மறுசீரமைப்பு வந்துரும்" என்றார். அது பகிடி இல்லை என்று அவருக்கும் தெரியும். மலையகச் சங்கங்களின் பிளவை அறிந்தவர்களுக்கும் தெரியும். இன்று நிதியத்தில் இருக்கும் புதிய முறிகள் 2038 வரை நீள்கின்றன. அந்த வருடத்தில் ஐம்பது வயதாகும் பெண்ணுக்கு இப்போது நாற்பதுக்குள்தான் இருக்கும், இன்று காலையும் மலையில் கொழுந்து எடுத்திருப்பார். அவருடைய பணத்தைப் பற்றி அந்த மேசையில் யார் பேசுவது என்பதைத் தீர்த்துக்கொள்ள சங்கங்களுக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான்.