ஐந்தாண்டுக் கணக்கில் விடுபடுகிறவர்கள்

கணையப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, பயாப்சி அறிக்கையோடு டாக்டர் முன்னால் உட்காரும் குடும்பம் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் எத்தனை வருஷம் டாக்டர்?" பதிலாகப் பெரும்பாலும் வருவது ஐந்தாண்டு உயிர்பிழைப்பு விகிதம் என்ற ஒற்றை எண். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் யாரையெல்லாம் எண்ணி அது வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதி உண்மைதான்.

சிகிச்சைகளை ஒப்பிட இந்தக் கணக்கை விட்டால் வேறு வழியில்லை. பிரான்சிலும் கனடாவிலும் 493 பேரை வைத்து நடந்து, 2018இல் வெளிவந்த பிரோடீஜ் 24 ஆய்வைப் பாருங்கள். அறுவைக்குப் பின் ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 35 மாதங்களைத் தாண்டினார்கள். மாற்றியமைக்கப்பட்ட ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற மருந்துக் கூட்டைப் பெற்றவர்களில் பாதிப்பேர் தாண்டியது 54 மாதங்களை. ஐந்தாண்டுக் கணக்கிலும் 31 சதவீதம் 43 ஆனது. உடம்பை வாட்டும் அந்தக் கீமோவைத் தாங்கிக்கொள்ளச் சொல்ல டாக்டர்களுக்குத் துணிவு தந்தவை இந்த எண்கள்தான்.

ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் யார்? அறுவை முடிந்து 12 வாரங்களுக்குள் தேறி, நடமாடும் தெம்போடு வந்தவர்கள். எல்லோரும் அப்படித் தேறுவதில்லை. கணையப் புற்றுக்குச் செய்யும் விப்பிள் அறுவையில் கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி எல்லாம் எடுக்கப்படுகின்றன. பிறகு கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் தனித்தனியாகக் குடலோடு இணைக்கிறார்கள். கணைய இணைப்பு கசிந்தால் நோயாளி காய்ச்சலும் வயிற்றில் டிரெயின் குழாயுமாக வாரக்கணக்கில் கிடப்பார். கீமோ தள்ளிப்போகும், சிலருக்குத் தொடங்காமலே போகும். அவரிடம் 43 சதவீதம் என்று சொல்வது இன்னொருவரின் கணக்கை அவர் கையில் கொடுப்பது. நோய் தெரியவரும்போதே அறுவைக்கு இடமில்லாத பத்தில் எட்டுப் பேர் இந்தக் கணக்கின் பக்கமே வருவதில்லை.

ஸ்டீவ் ஜாப்ஸை உதாரணம் காட்டி ஆறுதல் சொல்வதும் தவறு. 2004இல் அறுவை செய்துகொண்டு 2011 வரை வாழ்ந்த அவருக்குக் கணையத்தில் இருந்தது நியூரோஎண்டோகிரைன் கட்டி. அதன் போக்கே வேறு.

எண்ணுக்கு இன்னொரு குறை, அது முதல் நாளிலேயே நின்றுவிடுகிறது. திரும்ப வரும் நோய் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே வந்துவிடுகிறது. அதைத் தாண்டியவரின் எதிர்பார்ப்பைப் புதிதாகக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். வெட்டிய விளிம்பில் புற்றணு இருந்ததா, எத்தனை நிணநீர் முடிச்சுகளில் பரவியிருந்தது என்பவை அந்தப் பயாப்சி அறிக்கையிலேயே இருக்கின்றன. பொது எண்ணைவிட அவை நோயாளிக்கு நெருக்கமானவை.

குடும்பத்தின் கையில் இருக்கும் கேள்வி அறுவைக்கு முன்னால் கேட்க வேண்டியது: இந்த அறுவையை இங்கே ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், மிகக் குறைவாகச் செய்யும் மருத்துவமனைகளில் கணைய அறுவையை ஒட்டிய இறப்பு 16.3 சதவீதம், மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8. ஐந்தாண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இந்த இடைவெளியில் உயிர்கள் போய்விடுகின்றன.