எவரும் காட்டாத தாள்

செய்தி ஒன்று நம்மிடம் வந்து சேரும்போது இரண்டு கேள்விகளைக் கேட்க நாம் கடமைப்பட்டுள்ளோம். கொண்டு வந்தவர் எத்தகையவர் என்பது ஒன்று. கொண்டு வந்த செய்தி அறிவுக்குப் பொருந்துகிறதா என்பது மற்றொன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர் வரிசையை இஸ்னாது என்றும், செய்தியின் உள்ளடக்கத்தை மத்னு என்றும் பிரித்து, இரண்டையும் தனித்தனியே உரைத்துப் பார்த்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரால் வந்த செய்தியையே இவ்வாறு சோதித்து ஏற்ற சமுதாயம், அமைச்சர்களின் பெயராலும் காவல்துறை வட்டாரங்களின் பெயராலும் வரும் செய்தியை அப்படியே விழுங்கிவிடுவது விந்தையினும் விந்தை. தமிழ் மறையும் இதையே வற்புறுத்துகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்ததைப் பிறிதோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருந்தாலே தெளிய வேண்டும் என்பது வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் வகுத்த நெறி.

இவ்வுரைகல்லில் நாம் இங்கு உரசிப் பார்க்க விழைவது, 1994-ஆம் ஆண்டில் கேரளத்தில் எழுந்து நாடெங்கும் பரவிய இஸ்ரோ உளவு வழக்கை. முப்பது ஆண்டுகள் கடந்த கதையை இப்போது கிளறுவானேன் என வாசகர்கள் வினவலாம். அவ்வழக்கைப் புனைந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் அதிகாரிகள் ஐவர்மீது மத்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது 2024-இல்தான். இடையே அக்கதை நூலாகவும் திரைப்படமாகவும் வடிவெடுத்து, மக்கள் மனத்தில் புதியதோர் உருவில் நிலைத்துவிட்டது. அந்த உருவம் முழுமையானதா என்று காண்பது திறனாய்வாளரின் கடமை.

மேலும், திருவள்ளூர் மாவட்டத்தில் வாழும் நமக்கு இஃது அயலூர்க் கதையுமன்று. பழவேற்காட்டு ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குச் செல்லலாகாது என்று நம் மீனவர்க்கு அறிவிப்பு வருகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்துத் திரும்பும் தொழிலாளர்கள் வானில் எழும் நெருப்புக் கோட்டைச் சாலையோரம் நின்று பார்க்கின்றனர். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை இருக்கிறது. வாயிலில் பையைத் திறந்து காட்டிவிட்டு வெளியேறுவது இவ்வட்டாரத்துத் தொழிலாளிக்கு அன்றாட வழக்கம். டிராயிங் தாள் ஒன்று அவன் பையில் அகப்பட்டால் மறுநாள் அவனுக்கு வேலை இராது. இரகசியத்தின் சுமையை அறிந்த இம்மக்கள், அதே சுமையை மேலிடத்தார் எவ்வாறு தாங்கினர் என்று கேட்க உரிமையுடையவர்கள்.

நிகழ்ந்தது இது. 1994 அக்டோபர் 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாக வெற்றியுடன் பறந்தது. அதன் இரண்டாம் அடுக்கை உந்தியது, நாகர்கோவிலைச் சேர்ந்த நம்பி நாராயணன் முன்னின்று உருவாக்கிய விகாஸ் எஞ்சின். ஐந்தே நாள் கழித்து, அக்டோபர் 20 அன்று, திருவனந்தபுரத்தில் மரியம் ரஷீதா என்னும் மாலத்தீவுப் பெண்மணி விசாக் காலம் கடந்து தங்கியதாகக் கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு பரவிய பிளேக் நோயால் விமானங்கள் நின்று போயின. ஆகவே ஊர் திரும்ப இயலவில்லை என்பது அவர் தரப்பு. அடுத்த சில வாரங்களில் அது உளவு வழக்காக உருமாறிற்று. அவருடைய தோழி பௌசியா ஹஸன், விஞ்ஞானிகள் சசிகுமாரன், நம்பி நாராயணன், ரஷ்ய நிறுவனமொன்றின் இந்தியப் பிரதிநிதி, பெங்களூரைச் சேர்ந்த தொழிலாளர் ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆக அறுவர்மீது பழி விழுந்தது. ராக்கெட் எஞ்சின் வரைபடங்களை விலைக்கும் பெண்ணாசைக்கும் அயல்நாட்டாரிடம் விற்றார்கள் என்பதே அப்பழி.

முதலில் மத்னை நோக்குவோம். கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பம் விற்கப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்தத் தொழில்நுட்பம் அன்று இந்தியாவின் கையில் இருந்ததா? ரஷ்யாவின் கிளாவ்கோஸ்மாஸ் நிறுவனத்துடன் 1991-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1992-இல் அமெரிக்கா தடை விதித்தது. 1993-இல் ரஷ்யா பின்வாங்கி, தொழில்நுட்பத்தைத் தராமல் ஆயத்த எஞ்சின்களை மட்டும் தர இசைந்தது. நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சினுடன் ராக்கெட் வெற்றி கண்டது 2014 ஜனவரி 5 அன்றுதான். கையில் இல்லாத பொருளை எப்படி விற்பது? இக்கேள்விக்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை.

சரி, விகாஸ் எஞ்சினின் வரைபடம் கைமாறியது என்றே வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் அதன் பயனைக் கேட்டுப் பாருங்கள். டிராயிங் மட்டும் இருந்தால் உருப்படி வந்துவிடாது. உலோகம் வேண்டும், அதைப் பதப்படுத்தும் சூளை வேண்டும், அளவுகோல் வேண்டும், அனைத்திற்கும் மேலாகப் பழகிய கை வேண்டும் என்பார் அவர். பிரான்சு நாட்டின் வைக்கிங் எஞ்சினைக் கற்க 1974-இல் ஒப்பந்தமிட்டு, நம் பொறியாளர்கள் அங்கேயே தங்கி உழைத்து, திரும்பி வந்து மேலும் பல ஆண்டுகள் பாடுபட்ட பின்னரே விகாஸ் பிறந்தது. தாளை வாங்கிய மாத்திரத்தில் மாலத்தீவின் வழியே எவரும் ராக்கெட் செய்துவிடுவர் என்று எழுதிய பேனா, தொழிற்சாலையின் உட்புறத்தைக் கண்டிராத பேனா.

இனி இஸ்னாது. அந்நாளைய செய்திகளின் மூலம் எது? காவலில் வாங்கப்பட்ட வாக்குமூலம் என்று ஒருவர் எழுத, அதைப் பார்த்து மற்றவர் எழுத, இருவரையும் சான்று காட்டி அரசியல்வாதி மேடையில் பேச, அப்பேச்சு மறுநாள் செய்தியாயிற்று. நூறு வாய் சொன்னாலும் ஊற்று ஒன்றே என்றால் அது ஒற்றை அறிவிப்புத்தான். அந்த ஊற்றும் கலங்கிய ஊற்று. காவலில் தாம் துன்புறுத்தப்பட்டதாக நம்பி நாராயணன் பின்னர் முறையிட்டார். மத்தியப் புலனாய்வுத் துறை துருவி ஆராய்ந்து, குற்றச்சாட்டுகள் பொய்யானவை என 1996-இல் அறிக்கை தந்தது. இஸ்ரோவில் வரைபடங்களை இரகசியம், மிக இரகசியம் என்று தரம் பிரித்து முத்திரையிடும் வழக்கமே அன்று இல்லை என்பதும் அவ்விசாரணையில் வெளியாயிற்று. இன்ன தாள், இன்ன நாளில், இன்னார் கையிலிருந்து இன்னார் கைக்குச் சென்றது என்று எவரும் காட்டவில்லை. நீதிமன்றம் அவ்வறிக்கையை ஏற்றது.

இவ்விடத்தில்தான் அரசியல்வாதிகளின் பங்கு நம் கண்ணை உறுத்துகிறது. ஆளுங்கட்சிக்குள் முதலமைச்சர் கருணாகரனை வீழ்த்தக் காத்திருந்த கோஷ்டிக்கு இவ்வழக்கு வாளாயிற்று. உளவில் தொடர்புடையதாகப் பேசப்பட்ட உயர் காவல் அதிகாரி ஒருவரை அவர் காப்பாற்றுகிறார் என்று முழங்கினர். 1995 மார்ச்சில் அவர் பதவி விலகினார். 1996-இல் ஆட்சி மாறிற்று. பொய்வழக்கு என்று மத்தியப் புலனாய்வுத் துறை சொல்லி, நீதிமன்றமும் அதை ஏற்ற பிறகு, புதிய அரசு மாநிலக் காவல்துறையைக் கொண்டு மீண்டும் விசாரிக்க ஆணையிட்டது. 1998 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, சட்டத்திற்குக் கட்டுப்பட்ட பொறுப்புள்ள அரசின் போக்குக்கு இது பொருந்தாது எனக் கண்டித்தது. ஒரு கட்சி மட்டும் தவறிற்று என்று நாம் சொல்லவில்லை. நாட்டின் இரகசியம் என்ற சொல்லை எல்லாரும் கையாண்டனர். எந்த இரகசியம் என்று எவரும் கேட்கவில்லை.

உண்மையாகவே தாள்கள் விலைபோன வழக்கொன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 1985 ஜனவரியில், பிரதமர் அலுவலகம் உள்ளிட்ட உயர் அலுவலகங்களிலிருந்து கோப்புகளின் நகல்கள் அயல்நாட்டுத் தூதரகத்தார்க்குச் சென்றமை வெளியாயிற்று. வணிக நிறுவனமொன்றின் அலுவலரான குமார் நாராயண் கைதானார். அவ்வழக்கில் தாள் இருந்தது, நகல் எடுத்த கை இருந்தது, பெற்றவரும் இருந்தனர். பிரெஞ்சுத் தூதரகத்து இராணுவ அதிகாரி ஒருவர் நாட்டை விட்டு வெளியேறினார். தம் அலுவலகத்தில் நேர்ந்த தவற்றுக்குப் பொறுப்பேற்று, பிரதமரின் முதன்மைச் செயலர் பி.சி. அலெக்ஸாண்டர் பதவி விலகினார். பிற்காலத்தில் தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தவர் இவரே. வழக்கோ ஊர்ந்தது. முதல் எதிரி இறந்த பின், 2002-இல்தான் 13 பேருக்குத் தண்டனை கிடைத்தது. தாள் இருந்த வழக்குக்குப் பதினேழு ஆண்டுகள். தாளே இல்லாத வழக்கில் சில வாரங்களுக்குள் ஊரார் தீர்ப்பு. இதுவே நம் பொதுவாழ்வின் தராசு!

சட்டமும் இத்தராசுக்குத் துணை நிற்கிறது. வெள்ளையர் 1923-இல் இயற்றிய அலுவல் இரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அதன் 3-ஆம் பிரிவின்படி, ஒருவர் குறிப்பிட்ட செயலொன்றைச் செய்தார் என மெய்ப்பிக்காமலே, சூழ்நிலையையும் நடத்தையையும் குணத்தையும் கொண்டு அவர் கெட்ட நோக்கமுடையவர் என முடிவு கட்டலாம். ஆளுவோரை ஐயுறும் குடிகளுக்காக அயலார் செய்த விலங்கு அது. அதன் சாவி இன்று நம்மவர் கையில் இருக்கிறது என்பதற்காக விலங்கு அணிகலன் ஆகிவிடாது.

இப்போது, கதையைத் திருப்பிச் சொன்னவர்களிடம் வருவோம். நம்பி நாராயணன் தம் வரலாற்றை 2017-இல் மலையாளத்தில் நூலாக்கினார். உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 14 அன்று அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2019-இல் பத்மபூஷண் விருது வந்தது. கேரள அரசு 2020-இல் மேலும் 1.30 கோடி ரூபாய் அளித்தது. மாதவன் இயக்கி நடித்த 'ராக்கெட்ரி' 2022 ஜூலையில் வெளியாகி, சிறந்த படத்திற்கான தேசிய விருதையும் பெற்றது. திரைப்படத் திறனாய்வு நமது துறையன்று. ஆயினும் அதன் கதைப்போக்கை எடைபோடுவது நம்மால் இயலும். பறிபோன மானத்தை மக்கள் மன்றத்தில் மீட்டுக் கொடுத்தது அப்படத்தின் அருஞ்செயல். அதை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் அக்கதை நம் நெஞ்சில் பதிக்கும் வாதம் யாது? இவ்வளவு பெரிய மேதை, இவ்வளவு நாட்டுப்பற்று உடையவர் துரோகம் செய்வாரா என்பதே. கேட்க இனிதாயினும் இவ்வாதம் ஆபத்தானது. மேதைமை நிரபராதத்துக்குச் சாட்சி ஆகாது. பழி சுமத்துபவன் மெய்ப்பிக்க வேண்டும். சுமந்தவன் தன் பெருமையைக் காட்டித் தப்ப வேண்டியதில்லை. பெருமைதான் காப்பு என்றால், எஞ்சின் எதையும் உருவாக்காத தொழிலாளர் ஒப்பந்தக்காரர் எதைக் காட்டுவார்? ரஷ்ய நிறுவனப் பிரதிநிதி எதைக் காட்டுவார்? அவ்விருவரும் 2018-இல் அடுத்தடுத்து மறைந்தனர். அவர்களைப் பற்றிப் படம் எடுத்தவர் இல்லை.

அயல்நாட்டிலிருந்து வந்த அவ்விரு பெண்கள் எதைக் காட்டுவர்? அவர்களுக்கு இங்கு உற்றார் இல்லை, கட்சி இல்லை, மொழி இல்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறையில் கழித்தனர். பத்திரிகைகள் அவர்களை எழுதிய விதத்தை இவ்விதழின் பக்கங்களில் எடுத்தெழுத நம் பேனா கூசுகிறது. கற்புடைய பெண்மீது பழி சொல்பவனிடம் நான்கு சாட்சிகளைக் கேட்பதும், கொணரத் தவறினால் சொன்னவனையே தண்டிப்பதும் நம் மார்க்கச் சட்டம். அன்று ஒரு சாட்சியைக் கூட எவரும் கேட்கவில்லை. அந்நாளில் அப்பெண்களுக்காக நம் சமுதாயத்திலிருந்தும் உரத்த குரல் எழவில்லை என்பதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. முஸ்லிம் பெயரும் அயல்நாட்டுப் பயணச்சீட்டும் ஒருசேர இருந்த இடத்தில், பேசினால் நம்மையும் ஐயுறுவரோ என்ற அச்சம் பலர் வாயை அடைத்தது போலும். 2018-இன் இழப்பீட்டு ஆணை, முறையீடு செய்தவர் நம்பி நாராயணன் ஆதலால், அவருக்கே உரியதாயிற்று. பௌசியா ஹஸன் 2022 ஆகஸ்டில் காலமானார். படம் வெளியாகி அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

இன்னுமொன்று சொல்லி முடிப்போம். இவ்வழக்கின் பின்னே வல்லரசொன்றின் உளவு நிறுவனம் இருந்தது என்று பலர் எழுதுகின்றனர். இந்தியாவின் ராக்கெட் முயற்சியைத் தடுப்பதால் யாருக்கு ஆதாயம் என்ற வினா நியாயமானதே. ஆனால் ஆதாயம் என்பது ஐயத்துக்கு வித்தாகலாம், அதுவே சான்றாகிவிடாது. அன்று மாலத்தீவுப் பெண்களின்மீது எந்தத் தாளுமின்றி 'அந்நியக் கை' என்று எழுதியதைக் கண்டிக்கும் நாம், இன்று வேறொரு நாட்டின்மீது அதே சொல்லை அதே எளிமையோடு எழுதலாகாது. பொய்க்கு ஒரு தராசு, நமக்கு உவப்பான செய்திக்கு வேறொரு தராசு என்று வைத்துக்கொண்டால், முஹத்திஸ்களின் வழியில் வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி நமக்கில்லை.

அரசாங்கத்தின் தாள் ஓர் அமானிதம். அதைக் கையில் வைத்திருப்பவன் குமாஸ்தாவாயினும் அமைச்சராயினும் கணக்குக் கொடுக்க வேண்டியவனே. குடிமக்களின் மானமும் அவ்வாறே ஆளுவோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். விருந்தினராக வந்த அயலாரின் மானமும் அதில் அடங்கும். நாளை வேறோர் ஊரில் வேறொரு பெயரின்மீது இத்தகைய செய்தி எழக்கூடும். அன்று நம் இல்லங்களில் செய்தித்தாளைக் கையிலெடுக்கும் பிள்ளைகள், கொண்டு வந்தவர் யார், எந்தத் தாள் என்று இரண்டே கேள்விகளைக் கேட்டுப் பழகியிருப்பார்களாயின், அதுவே இவ்வழக்கிலிருந்து நாம் பெற்ற கல்வியாகும்.