குளிரூட்ட வெயிலா, புகைக்குழாயா?

1878ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அகஸ்டின் மூஷோ, பெரிய கூம்பு வடிவ ஆடியில் வெயிலைக் குவித்து ஐஸ் செய்து காட்டினார். அம்மோனியாவைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், சூடேற்றினால் விட்டுவிடும். இந்தக் குணத்தை வைத்துக் கம்ப்ரசர் இல்லாமலே குளிரூட்டலாம். வெயில் ஏற ஏறத்தான் குளிரின் தேவையும் ஏறுகிறது என்பதால், இந்த யோசனை பொறியாளர்களை இன்றுவரை விடவில்லை.

ஆனால் கணக்கு அதற்குச் சாதகமாக இல்லை. 100 பங்கு வெயிலில் வெப்பத் தகடு ஏறத்தாழ 50 பங்கைப் பிடிக்கும். உறிஞ்சுமுறை எந்திரம் நல்ல நிலையில் அதிலிருந்து 35 பங்கு குளிர் தரும். அதே வெயிலில் சோலார் பேனல் 20 பங்கு மின்சாரம் எடுத்தாலே, சாதாரணக் கம்ப்ரசர் அதை 60 பங்கு குளிராக்கிவிடும். இன்னொரு சுமையும் உண்டு. ஒரு பங்கு குளிருக்கு, கம்ப்ரசர் வெளியே தள்ளும் வெப்பம் ஒன்றேகால் பங்குக்குச் சற்று அதிகம். உறிஞ்சுமுறையிலோ சுமார் இரண்டரைப் பங்கு. சிறிய எந்திரத்துக்கு அத்தனை வெப்பத்தையும் ஆற்றத் தண்ணீர்த் தொட்டி, விசிறி, பம்பு எல்லாம் வைத்தால் விலையும் எடையும் எகிறிவிடும். பேனல் விலை சரிந்தபின் இந்தப் போட்டி முடிந்துவிட்டது என்றே சொல்வேன். பேனலில் ஓடும் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளில் பேட்டரிதான் அடிக்கடி பழுதானது. அதையும் நீக்கி, பகலில் ஐஸ் உறையவைத்து இரவைக் கடத்தும் பெட்டிகள் வந்துவிட்டன.

கழிவு வெப்பத்தின் கதை வேறு. டீசல் எஞ்சின் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு போகிறது. அது இலவசம் என்பதால் எந்திரத்தின் திறன் குறைவு இங்கே பெரிய குறையாகாது. இதற்குப் பொருத்தமான இடம் மீன்பிடிப் படகு. வெப்பத்தை ஆற்றச் சுற்றிலும் கடல் இருக்கிறது. நம் விசைப்படகுகள் கரையிலேயே ஐஸ் ஏற்றிக்கொண்டு போகின்றன. அது கரைவதற்குள் திரும்பியாக வேண்டும். ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகத்தினர் படகுகளுக்காகவே, கால்சியம் குளோரைடு அம்மோனியாவை ஈர்க்கும் முறையில் ஐஸ் எந்திரங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். திடப்பொருள் என்பதால் படகு ஆடினாலும் ததும்பாது.

குறைகள் அங்கும் உண்டு. கால்சியம் குளோரைடு உப்பு ஊதிக் கட்டிதட்டினால் வாயு உள்ளே புகாது. கடற்காற்று உலோகத்தை அரிக்கும். அடைப்பான கீழ்த்தளத்தில் அம்மோனியா கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆய்வகத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்து இவற்றுக்குத் தீர்வு காண முடியாது. நம் பொறியியல் கல்லூரிகள் வெயில் வெப்பக் குளிர்பெட்டி மாதிரிகளை விட்டு, ஒரு விசைப்படகில் இந்த எந்திரத்தைப் பொருத்தி, ஒரு மீன்பிடிப் பருவம் முழுக்க மீனவர்களோடு சேர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.