ஊரடங்கும் பள்ளி திறப்பும்: ஒரு சொல்வழக்கு ஆராய்ச்சி

வழக்கு என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. மக்கள் பேசிவரும் மரபும் வழக்கு. இருவர் மாறுபட்டு வாதிடுதலும் வழக்கு. கொரோனாப் பெருந்தொற்றை முன்னிட்டு 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் தமிழ்நாட்டுப் பள்ளிகளை மூடுதல், திறத்தல் பற்றி எழுந்த வாதம் இரண்டாம் பொருளில் வழக்கேயாம். அதனை முதற்பொருளில் வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம். மூடியது தக்கதா, தகாததா என்பதனை மருத்துவரும் பொருளியலாரும் கல்வியாளரும் பலபட ஆராய்ந்துள்ளனர். அவ்வாதம் எச்சொற்களால் நடத்தப்பெற்றது, அச்சொற்கள் எவற்றைக் காட்டின, எவற்றை மறைத்தன என்பது தமிழாராய்வார்க்கு உரிய பகுதி. அதனைப் பிறர் நமக்காகச் செய்து தாரார்.

ஊரடங்கு என்பதனை முதற்கண் எடுத்துக்கொள்வாம். ஊர் அடங்கும் நேரம், ஊர் அடங்கிய பின் என்பன நாட்டுப்புறத்தே நெடுங்காலமாக வழங்கும் தொடர்கள். விளக்கவித்து மக்கள் உறங்கச் சென்ற இரவுப் பொழுதினை அவை குறிக்கும். ஆங்கிலக் 'கர்ஃபியூ'வுக்கு நேராக இதனை ஆண்டவர் நல்ல மொழியுணர்வுடையோர் என்றே கருதுகின்றோம். அவ்வாங்கிலச் சொல்லும் இரவில் நெருப்பை மூடுதல் என்னும் பொருளுடைய பழம் பிரெஞ்சுத் தொடரிற் பிறந்ததாகலின். கலகக் காலங்களில் அரசினர் பிறப்பிக்கும் ஆணைக்கு ஊரடங்கு உத்தரவு என்னும் பெயர் இவ்வாறு நிலைபெற்றது.

2020 மார்ச்சு 22ஆம் நாள் ஒரு பகல் நிகழ்ந்த அடைப்பு 'மக்கள் ஊரடங்கு' எனப்பட்டது. அம்மாதம் 25ஆம் நாள் முதல் நாடெங்கும் தொடங்கிய 21 நாள் அடைப்பிற்கும் அப்பெயரே வந்தது. ஆங்கிலத்தில் இவ்விரண்டற்கும் வேறு வேறு பெயர் உண்டு. பின்னையதைக் குறிக்கும் 'லாக்டவுன்' அமெரிக்கச் சிறைச்சாலை வழக்கிலிருந்து வந்தது. கைதிகளை அறைக்குள் இட்டுப் பூட்டுதலைக் குறித்தது. பூட்டுவார் ஒருவர், பூட்டப்படுவார் ஒருவர் என்பது அச்சொல்லைக் கேட்ட அளவிலே விளங்கும். தமிழிலோ அடங்கு என்பது தன்வினை. அடக்கு என்பதே பிறவினை. ஊர் தானே அடங்கின் ஊரடங்கு. பிறர் ஆணையால் அடக்கப்பெறின் அஃது ஊரடக்கு ஆதல் வேண்டும். திருக்குறளில் அடக்கமுடைமை என ஓர் அதிகாரம் உண்டு. ஆண்டு அடக்கம் என்பது ஒருவன் தானே விரும்பி மேற்கொள்ளும் அறம். காவலர் தடியோடு நின்ற தெருவின் மீதும் அவ்வறத்தின் சாயலை இச்சொல் படியச் செய்தது.

இதழ்கள் சில பொதுமுடக்கம் என்று எழுதின. முடக்கம் என்பது முடங்குதல், முடக்குதல் என்னும் இருவழியும் கொள்ளத்தக்கது. ஆயினும் வினைமுதலை முற்றாக மறைப்பதன்று. அது மக்கள் வாயில் ஏறவில்லை. பின்னர் வந்த 'தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு' என்பதிலும் தளர்த்துதல் இல்லை, தளர்தலே உண்டு. தளர்ச்சிக்குச் சோர்வு என்னும் பொருளும் உண்மையின், ஊரடங்கே சோர்ந்துபோயிற்றுப் போலும் என்று எண்ணத் தோன்றும்! சமூக இடைவெளி என்னும் சொல்லைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. சமூகம் என்பது சாதிப்பெயராகவும் வழங்கும் நாட்டில், ஊருக்கும் சேரிக்கும் இடையே வேண்டிய அளவு சமூக இடைவெளி நோய்க்கு முன்பே இருந்தது.

சொல்லை வழங்கினோர் தன்வினை பிறவினை நோக்கி வழங்கிலர். ஆதலின் இவ்வாராய்ச்சி மிகை எனின், அற்றன்று. நோக்காது வழங்கியதே எம் கருத்துக்கு அரண் செய்கின்றது. ஆணையிட்டார் யார், எதன்பொருட்டு, எத்துணைக் காலத்திற்கு என்னும் வினாக்கள் எழவேண்டிய இடத்தில் அவை எழாமைக்கு ஒருவருடைய சூழ்ச்சி வேண்டுவதில்லை; ஒரு தன்வினையே போதும்.

இனிப் பள்ளிக்கு வருவாம். 'பள்ளிகள் திறப்பு', 'நாளை பள்ளிகள் திறக்கின்றன' என்பன அக்காலத்து நாளிதழ்த் தலைப்புக்கள். பள்ளி தானே திறவாது; ஒருவர் திறக்கவே அது திறக்கப்படும். செயப்படுபொருளையே வினைமுதல் போல வைத்துக் கூறும் இவ்வழக்கைத் தொல்காப்பியரும் மரபென ஏற்றுள்ளார். ஒருவர் திண்ணையை மெழுக, திண்ணையே அத்தொழிலைச் செய்தது போலக் கூறுதலை உரையாசிரியர்கள் காட்டுவர். ஆதலின் இஃது இலக்கணப் பிழை அன்று. ஆனால் மெழுகியவர் இன்னார் என்பது வீட்டிலுள்ளார் யாவர்க்கும் தெரியும். தெரிந்ததனால் கூறாது விட்டனர். பள்ளியைப் பொறுத்தவரை அது தெளிவாக இல்லை. நோய் திறக்குமா, அரசு திறக்குமா, நீதிமன்றம் திறக்குமா, பெற்றோர் இசைவு திறக்குமா என்பதே வாதமாக இருந்தபோது, 'பள்ளி திறக்கும்' என்னும் தொடர் அவ்வாதம் முடிந்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தந்தது.

2020 நவம்பர்த் திங்களில் நான்கு நாட்களுள் நிகழ்ந்தவற்றை ஒருசேர நோக்கின் இது விளங்கும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புக்களை அத்திங்கள் 16ஆம் நாள் தொடங்கலாம் என்று அரசு முன்னரே அறிவித்திருந்தது. 9ஆம் நாள் பள்ளிகளில் பெற்றோர் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. 10ஆம் நாள் திரையரங்குகள், இருக்கைகளிற் பாதியளவு மக்களோடு, இயங்கத் தொடங்கின. 12ஆம் நாள் பள்ளித் திறப்பு ஒத்திவைக்கப்பட்டது. மதுக்கடைகள் இவற்றிற்கெல்லாம் முன்னரே, அவ்வாண்டு மே மாதத்திலேயே திறந்துவிட்டன. திரையரங்கிற்குச் செல்வாரிடம் ஒரு கருத்துக்கேட்பும் நிகழவில்லை என்பதனை யாம் குறையாகக் கூறவில்லை. திரையரங்கிற்கு உரிமையாளர் உண்டு. அவர் தாமே பேசுவர். பள்ளிக்குச் செல்லவேண்டியவர் எட்டு வயதினர். அவர் பொருட்டுப் பிறர் பேசவேண்டும். பேசியவருள் பெரும்பாலோர் எழுப்பிய வினா 'திறக்கலாமா, வேண்டாமா' என்னும் ஒன்றே. எந்த வகுப்பை முதலில், எத்தனை மாணவரை, மரநிழலிலா கூடத்திலா என்னும் வினாக்களுக்கு அதில் இடமில்லை.

எந்த வகுப்பை முதலில் என்பதே யாம் இன்றியமையாததாகக் கருதும் வினா. டென்மார்க்கில் 2020 ஏப்பிரல் 15ஆம் நாள் முதற்கண் அழைக்கப்பெற்றோர் மழலையரும் தொடக்க வகுப்பினரும் ஆவர். வீட்டிலிருந்து தாமே கற்றுக்கொள்ள இயலாதவர் அவரே என்பது கருதி அங்ஙனம் செய்தனர். தமிழ்நாட்டில் வரிசை தலைகீழாயிற்று. 2021 சனவரி 19ஆம் நாள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினர் வந்தனர். பிப்ரவரி 8ஆம் நாள் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்பினர். மீண்டும் மூடல். செப்டம்பர் 1ஆம் நாள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. நவம்பர் 1ஆம் நாளே ஒன்று முதல் எட்டு வரையுள்ளார் வந்தனர். ஆகவே 2020இல் ஒன்றாம் வகுப்பிற் பெயர் பதியப்பெற்ற குழந்தை, இரண்டாம் வகுப்புக் குழந்தையாகவே முதன்முதல் வகுப்பறையைக் கண்டது. பொதுத்தேர்வு உள்ள வகுப்பே பள்ளி என்று கருதும் மனநிலை இவ்வரிசையில் வெளிப்படுகின்றது.

மூடியிருத்தலை வேண்டியோர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பேரக்குழந்தையும் பாட்டியும் ஒரே பாயில் உறங்கும் வீட்டில், நோய் குழந்தையை வருத்தாது என்பது ஆறுதல் ஆகாது. 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000க்கு மேற்பட்டோர்க்கு நோய் கண்டது. அந்நாட்களில் பள்ளியைத் திறக்கச் சொல்லத் துணிவார் இலர். ஆனால் அவர்கள் தம் வாதத்திற்குக் கருவியாகக் கொண்ட பழமொழி ஆராயத்தக்கது. 'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்று அக்காலத்தில் கூறாதார் அரியர். இப்பழமொழியில் சுவர் முன்னரே கட்டி முடிந்த பொருள். சித்திரத்தை இன்றும் எழுதலாம், மறுவாண்டும் எழுதலாம். சுவருக்கு அதனால் வேறுபாடு இல்லை. குழந்தை அத்தகைய சுவர் அன்று. ஈரச் சுதையில் எழுதும் ஓவியம் வேறு, உலர்ந்த பின் எழுதும் ஓவியம் வேறு என்பதைச் சுவரோவியர் அறிவர். எதிர்வாதம் செய்தோர் 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்றனர். அது மற்றோர் எல்லைக்குச் சென்று, ஈராண்டு இழந்த குழந்தை இனி வளையாது என்னும் அவநம்பிக்கையை விதைத்தது. பழமொழிகள் வாதத்தைத் தொடங்குதற்கு உதவும். அவற்றையே முடிபாகக் கொண்டமையால் இரு சாராரும் ஒருவரை ஒருவர் கேளாராயினர்.

தேர்ச்சி என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் இதனோடு ஒத்ததே. தேர்தல் என்பது ஆராய்தல், தெளிதல். தேர்வும் தேர்ச்சியும் அவ்வேரிற் கிளைத்தன. 2020 மார்ச்சு 27ஆம் நாள் தொடங்கவேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வு சூன் 1ஆம் நாளுக்கும், பின்னர் 15ஆம் நாளுக்கும் தள்ளப்பட்டது. உயர்நீதிமன்றம் மாணவர் உயிர்ப்பாதுகாப்புப் பற்றி வினவியதன் பின், சூன் 9ஆம் நாள் அது விலக்கப்பட்டது. 9 இலட்சத்திற்கு மேற்பட்ட மாணவர் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைக்கு 20 விழுக்காடுமாக மதிப்பெண் கணக்கிடப்பெற்றது. தேர்வை விலக்கியது முறையே என்பது எம் துணிபு. விலக்கியதற்குத் தேர்ச்சி என்று பெயரிட்டதே முறையன்று. வகுப்பேற்றம் என்றிருப்பின், ஏற்றப்பட்டவன் கற்கவேண்டியது இன்னும் உளது என்னும் குறிப்பு எஞ்சியிருக்கும். தேர்ச்சி என்றவுடன் கணக்கு முடிந்தது. கீழ்வகுப்புக்களிலும் அவ்வாறே ஆண்டுதோறும் கணக்கு முடிந்தது; எழுத்தறியாக் குழந்தையும் தேர்ச்சியுற்ற குழந்தையாயிற்று.

பள்ளி திறப்பை வேண்டியோர் தந்த சொல் கற்றல் இழப்பு என்பது. இதனை மறுத்தோர் குழந்தையைக் குறையுடையதாக முத்திரையிடுதல் ஆகாது என்று கூறிக் கற்றல் இடைவெளி என்றனர். இரண்டனுள் எது சிறந்தது என்னும் வாதத்தில் யாம் புகவில்லை. இரண்டும் மறைக்கும் ஒன்று உளது. இழத்தற்கு முன் பெற்றிருத்தல் வேண்டும். ஐந்தாம் வகுப்பு மாணவன் கற்ற வகுத்தலை மறந்தானாயின் அஃது இழப்பு. அகரமே எழுதக் கற்பிக்கப்படாத குழந்தை எதனை இழந்தது? அதற்கு நேர்ந்தது பெறாமை. இழப்புக்கு மருந்து நினைவூட்டல். பெறாமைக்கு மருந்து முதலிலிருந்து கற்பித்தல். இரண்டையும் ஒரு பெயரால் வழங்கியமையால் ஒரே மருந்து இரண்டற்கும் போதுமெனக் கருதும் வழி ஏற்பட்டது.

எண்களும் இதனையே காட்டுகின்றன. ஊர்ப்புறப் பள்ளிக் குழந்தைகளை நாடு முழுவதும் ஆராயும் 'ஏசர்' ஆய்வின்படி, மூன்றாம் வகுப்பினருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லார் 2018இல் 27.3 விழுக்காட்டினர், 2022இல் 20.5 விழுக்காட்டினர். 2022இல் மூன்றாம் வகுப்பில் இருந்தோர் 2020இல் ஒன்றாம் வகுப்பிற் சேர்ந்தோரே என்பதை நினைவிற்கொள்க. பின்னை எண்ணை எடுத்துக்காட்டி வருந்தியோர் பலர். முன்னை எண்ணைக் கண்டு வருந்தியோர் சிலரே. பள்ளிகள் நாள்தோறும் இயங்கிய காலத்திலேயே நால்வருள் மூவர் அளவினர் படிக்க இயலாதிருந்தனர். இழப்பு என்னும் சொல் ஒரு பொற்காலத்தை முன்னர்ப் படைத்து, அதிலிருந்து வீழ்ந்ததாகக் காட்டிற்று. திறப்பை வேண்டியோர் வாதத்தில் யாம் காணும் பெருங்குறை இதுவே.

இணையவழி வகுப்பு என்பது பற்றி ஒன்று கூறி அமைவாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏழை எளியோர் வாழும் இடங்களைத் தேர்ந்து, 1,400 அளவினராய குழந்தைகளிடையே பொருளியலறிஞர் சான் திரேசு முதலியோர் ஓர் ஆய்வு நடத்தினர். ஊர்ப்புறத்தில் இணையவழி ஒழுங்காகக் கற்றோர் 8 விழுக்காட்டினர். எவ்வகையானும் கல்லாதிருந்தோர் 37 விழுக்காட்டினர். வழி என்னும் பெயர் நடப்பார் உள்ளவிடத்தே பொருந்தும். கல்வித் தொலைக்காட்சி இதனினும் பலரைச் சென்றடையத்தக்கதாயினும், கேள்வி கேட்கும் குழந்தைக்கு அது விடை கூறாது. 2021 அக்டோபர் 27ஆம் நாள் தொடங்கிய திட்டத்திற்கு இட்ட 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் பெயரை மட்டும் யாம் உவந்து ஏற்கின்றோம். அதில் கல்வி எழுவாயாகி நடந்து வருகின்றது. அதனைச் சுமந்து நடந்தோர் பெரும்பாலும் அவ்வவ்வூர்ப் பெண்களே என்பதும் ஊரார் அறிந்தது.

இவையெல்லாம் அவைக்கண் வழங்கிய சொற்கள். வீட்டில் வழங்கியவை வேறு. குழந்தைகள் அக்காலத்தைக் 'கொரோனா லீவு' என்றனர். லீவு என்பது ஒருவர் விடுவது, ஒரு நாள் முடிவது. பெரியோர் இட்ட பெயர்களைவிட அதில் தெளிவு மிகுதி. மற்றொரு தொடர் பிள்ளையை வேலைக்கு அனுப்பியோரும், பெண்ணை மணம் முடித்துக் கொடுத்தோரும் பின்னர்க் கூறியது: 'படிப்பை நிறுத்திவிட்டோம்.' பள்ளிகள் மூடப்பட்டன, மாணவர் அறிவிக்கப்பட்டனர், ஊர் அடங்கிற்று, பள்ளி திறந்தது. இத்துணை வினைகளுக்கிடையே பிறவினையாய், தன்மைப் பன்மை முற்றாய், செய்தார் யாமே என்று ஒப்பி நின்ற தொடர் அவ்வேழைப் பெற்றோருடையதாகவே எமக்குக் கிடைக்கின்றது.