வலி யாருக்குக் கொடை?

கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்து, பின்னாளில் உலகறிந்த தொழுநோய் மருத்துவராக விளங்கியவர் பால் பிராண்ட். பிலிப் யான்சி என்னும் எழுத்தாளருடன் இணைந்து 1993இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘வலி: எவரும் விரும்பாத கொடை’ என்னும் நூலை அண்மையில் மீண்டும் படித்தோம். முன்னர்ப் படித்தபோது வியந்தோம். இம்முறை வியப்போடு ஓர் உறுத்தலும் எழுந்தது.

நூலின் மையக் கருத்து எளியது. தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலியுணர்வு மரத்துப்போனமையால் தீயிலும் கருவியிலும் காயமுற்றே அவை அழிகின்றன. வேலூரில் பணியாற்றுகையில் பிராண்ட் கண்ட உண்மை இது. இரவில் எலி விரலைக் கடித்தும் விழித்தெழாத நோயாளரைப் பற்றி அவர் எழுதுவது மறக்கவொண்ணாதது. எனவே வலி நம் பகையன்று, காவலன் என்கிறார். இதனை எவரே மறுப்பர்?

ஆயினும் அவர் வாழ்விலேயே வேறொரு வலி உண்டு. 1923இல், ஒன்பது வயதில், தங்கையோடு இலண்டனில் உறவினர் இல்லத்தில் விடப்பட்டார். பெற்றோர் மலைக்குத் திரும்பினர். 1929இல் தந்தை ஜெசி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். இறப்புச் செய்தி தந்தியில் வந்தது. அவர் முன்னரே எழுதிக் கப்பலில் அனுப்பிய மடல்கள் அதன் பின்னும் வந்துகொண்டிருந்தன. இந்த வலி எதனைக் காத்தது?

அறிவியல் இன்று இதற்கு விடை தருகிறது. குழந்தை அஞ்சும்போது அதன் உடலில் கார்ட்டிசால் என்னும் இயக்குநீர் சுரக்கிறது. அன்புடையார் ஒருவர் அணைத்தால் அது தணிகிறது. இத்தகைய அச்சத்தால் தீங்கில்லை. தணிப்பாரின்றி நாள்தோறும் நீடித்தாலோ, நினைவைப் பேணும் பகுதியும், கவனத்தை ஆளும் முன்மூளையும் நலிவுறக்கூடும். ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர் இதனை ‘நச்சு அழுத்தம்’ என்பர். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு, காப்பகங்களில் வளர்ந்த 136 குழந்தைகளைப் பற்றியது. அவர்களுள் வளர்ப்புக் குடும்பம் பெற்றோர், குறிப்பாக இரண்டு வயதுக்குள் பெற்றோர், பலவகையில் தேறினர். அவர்களைத் தேற்றியது, தம் அழுகைக்கு ஓடிவந்த ஒருவரின் அன்பே.

இங்கே நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். சமவெளியில் மாணவர் விடுதி ஒன்றுக்குப் பொறுப்பேற்றிருந்தோம். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் வந்திறங்கும் மலைப் பிள்ளைகள் சூன் மாத இரவுகளில் விம்முவர். சிலர் பாயை நனைப்பர். பாடம் மனத்தில் நிற்காது. நாமோ, “ஆண்டவர் சுமந்த சிலுவையை நினைத்துப் பொறுத்துக்கொள்” என்று மறையுரை ஆற்றினோம். மறதியைச் சோம்பல் என்று கடிந்தோம். பொறுமையைக் கற்பிப்பதாக எண்ணி, கேட்பாரற்ற அழுகையைப் பழக்கினோம்.

இதற்கு நூலாசிரியரைக் குறை கூறல் நேரிதன்று. அச்சமும் தனிமையும் கையறுநிலையும் வலியைப் பெருக்கும் என்று அவரே எழுதுகிறார். எனினும் நூலின் வாதம் பெரிதும் வளர்ந்தோரின் உடலைச் சார்ந்தது. சுடும் பாத்திரத்திலிருந்து கையை இழுத்துக்கொள்ள அவர்களால் இயலும். பிரிவிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளக் குழந்தையால் இயலாது. காவலன் கூவுகிறான், கதவைத் திறக்க வேண்டியவர் பெரியவர். இவ்வேறுபாட்டை நூல் இன்னும் தெளிவாக உரைத்திருக்கலாம்.

பிராண்டின் இளமைத் துயரம் அவரை முறித்துவிடவில்லை. உறவினரின் அரவணைப்பும், மலையின் மரங்களையும் பூச்சிகளையும் விவரித்த தந்தையின் மடல்களும் அவருக்குத் துணையிருந்தன. அவருக்கு வாய்த்த கொடை அதுவே என்பது நம் கருத்து.

வாசகர் இந்நூலைத் தவறாது படிக்க வேண்டும். ஆனால் அழும் பிள்ளையிடம் அதன் தலைப்பைச் சொல்ல வேண்டா. முதலில் அருகே அமருங்கள்.