கடப்பா கல்லின் ஏடுகள்

எங்கள் சமையலறை மேடை கடப்பா கல். ஆந்திரத்தின் பழங்கடலடியில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே படிந்து இறுகிய சுண்ணாம்புச் சேறு. அதன் அரைக்காத விளிம்பைத் தடவிப் பாருங்கள், ஏடு ஏடாகத் தட்டுப்படும். குவாரியில் உளியை அந்த ஏட்டின் ஓரத்தில் வைத்துத் தட்டினால், விரிசல் பிடிப்புக் குறைந்த இடுக்கிலேயே ஓடும். கல் பலகையாகப் பெயர்ந்து வரும். எனக்கு அது எப்போதுமே அதிசயம்தான்.

பூமியின் மேலோடு இழுபடுவதால் ஏடுகளுக்குச் செங்குத்தாக விழும் வெடிப்புகள் வேறு வகை. மெல்லிய அடுக்கில் அவை நெருக்கமாக விழும், தடித்ததில் தள்ளித் தள்ளி. கீறிக்கொண்டே வரும் வெடிப்பு, மெத்தென்ற களிமண் ஏட்டைத் தொட்டதும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கூர்முனையில் குவிந்த விசையை அந்த மென்மை வாங்கிக்கொள்கிறது. அடுத்த கல் அடுக்கு முழுசாக இருக்கிறது.