நீலி கதையும் பயில்முறை நாடக மேடையும்

பயில்முறை நாடகக் குழுவினர் பேய்க் கதையொன்றை மேடையேற்றக் கருதும்பொழுது முதற்கண் நாடுவன புகையும் செவ்வொளியும் விரித்த கூந்தலுமே. பொருள்வளம் குன்றிய குழுவினர்க்கு இவை செவ்வனே அமைதல் அரிது. அவையோர் அஞ்ச வேண்டிய இடத்தில் நகைக்கின்றனர். இது கருவிகளின் குறையன்று. அச்சம் எங்குப் பிறக்கின்றது என்பதனை உணராமையின் விளைவே என்பது நம் கருத்து.

தோற்றமே அச்சம் தரும் என்பார் சங்கரதாச சுவாமிகளைச் சான்று காட்டலாம். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவிய அப்பெருந்தகை, முன்னர் யமனாகத் தோன்றியபொழுது கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கருச்சிதைந்தது என்றும், அதன்பின் நடிப்பைத் துறந்து ஆசிரியராகவே அமைந்தார் என்றும் கூறுவர். அஃது உடலைத் தாக்கும் அதிர்ச்சி, நாடகத்திற்குரிய அச்சமன்று. அதனை அவரே விடுத்தமை கருதத்தக்கது.

நாடகத்திற்குரிய அச்சம் யாதென்பதைப் பழையனூர் நீலி கதை தெளிவுறுத்தும். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் குறிப்பாற் சுட்டும் பழமையுடையது அக்கதை. கணவனாற் கொல்லப்பட்டவள் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாக வந்த அவனைத் தொடர்கின்றாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி ஏந்திவந்து, வேளாளர் அவையில் மனைவியென முறையிடுகின்றாள். இவள் பேயென வணிகன் கதறியும் அவர்கள் நம்பினாரல்லர். அவனுக்குத் தீங்கு நேரின் தம் உயிரைத் தருவதாக உறுதிகூறி, அவளோடு இரவு தங்க விடுக்கின்றனர். அவன் மாள்கின்றான், எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர்.

இக்கதையில் நீலியின் உருவம் எளிய பெண்ணுருவமே. அவையிலிருந்து காண்போர் அறிந்த உண்மையை மேடையிலுள்ள சான்றோர் அறியார். அவர்கள் கைவிடப்பட்ட பெண்ணுக்கு இரங்கும் நடுவுநிலையாளர். அந்த இரக்கமே ஒருவனைச் சாவிற்கு ஒப்படைக்கின்றது. அச்சம் பிறக்குமிடம் இதுவே.

நீலகேசிக் காப்பியம் இதற்கு மறுதலைச் சான்று. அங்கு நீலி கொடிய தோற்றங்களாலும் பின்னர் அழகிய பெண்ணுருவாலும் முனிச்சந்திரரை வெல்ல முயன்று தோற்கின்றாள். அவர் உண்மையை அறிந்தவராதலின் அச்சத்திற்கு அங்கு இடமில்லை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டிலும் தந்தையின் ஆவி மகனுக்குத் தோன்றி, அருகிருக்கும் தாய்க்குத் தோன்றாத காட்சி இவ்வியல்பினதே. அந்நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் ‘அமலாதித்யன்’ எனத் தமிழாக்கினார். 1891-இல் சென்னையில் அவர் தோற்றுவித்த சுகுண விலாச சபையும் பயில்முறைக் குழுவே ஆகும்.

வைகைக் கரைச் சிற்றூர்களில் விடியுமளவும் ஸ்பெஷல் நாடகம் காணும் மக்கள் கதையை முன்னரே அறிந்தவர். செலவின்றிக் கிடைக்கும் அவ்வறிவே பயில்முறைக் குழுவின் பெருஞ்செல்வம். ஆதலின் நீலியாக நடிப்பவர் பேயாக நடித்தலாகாது. நீதி வேண்டும் மனைவியாகவே நடித்தல் வேண்டும். எழுபதின்மரை மூடராகக் காட்டுதலும் பிழை. அவர்களிடத்தில் நாம் இருந்திருப்பினும் அத்தீர்ப்பையே வழங்கியிருப்போம் என்று காண்போர் உணர்வராயின், நாடகம் வென்றதாகும்.